கொஞ்சம் காய்த்த மலை

எண்ணத் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் என் அக்கா மகள் கயல்விழி என்னை ஏற்காட்டு மலைக்கு அழைத்துப் போனாள். நான் மலேசியாவில் தைப்பிங் என்ற ஊர்க்காரி. ஒரு பள்ளி அலுவலகத்தில் காலமெல்லாம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். சேலத்தில் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்காக வந்திருந்தேன். கல்யாணம் முடிந்து, மிச்சமிருந்த லட்டும் தீர்ந்து, தினமும் சாயங்காலம் தெருமுனைக்குப் போய்த் தட்டுவடை செட் வாங்கித் தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

“சித்தி, நாலு நாள் மலைக்கு வர்றீங்களா? பலாக்காய் எண்ண எனக்கு ஒரு ஆள் வேணும்.”

“சம்பளம்?”

“சாப்பாடு போடுவாங்க.”

சாப்பாடு என்று சொன்னால் நான் எங்கே வேண்டுமானாலும் போவேன். உடனே பையைக் கட்டிவிட்டேன்.

கயலின் வேலை எனக்கு அதுவரை சரியாகப் பிடிபட்டதில்லை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதற்காகச் சாதாரண ஜனங்கள், விவசாயியோ எஸ்டேட் தொழிலாளியோ டீக்கடைக்காரரோ, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, பூ விட்டிருக்கிறதா, பிஞ்சு இறங்கியிருக்கிறதா, பழுத்திருக்கிறதா என்று போனில் பதிவு செய்கிறார்கள். மழையும் வெயிலும் முறை தப்பி வருகிற காலத்தில் மரங்கள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. எல்லா மரத்தடியிலும் போய் நிற்க விஞ்ஞானிகளுக்கு எங்கே போவது? அதனால் ஊர் ஜனங்களே ஆராய்ச்சியில் கை கொடுக்கிறார்கள். ஏற்காட்டு மலையில் அப்படிக் கை கொடுப்பவர்களைச் சேர்த்து வைத்திருப்பவள் கயல்.

முதல் நாளே பஸ் எங்களைப் படுத்திவிட்டது. வளைவு ஒன்றில் லாரி மாட்டிக்கொண்டதாம். கண்டக்டர் அடிவாரத்தில் இறங்கி யாரிடமோ பேசிவிட்டு வந்து, “ஒண்ணும் பண்ண முடியாதுங்க. குப்பனூர் வழியா சுத்திப் போறமுங்க. அவசரமா போறவங்க எறங்கி நடந்துக்குங்க” என்றார். ஒருவரும் இறங்கவில்லை. எங்கள் தைப்பிங்கிலும் ஒரு மலை இருக்கிறது. அதற்கு ஜீப்பில்தான் போக வேண்டும், எல்லாரும் பரீட்சைக்குப் போவது மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பஸ் திரும்புவதற்குள் பின்சீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் பேசி முடிந்துவிட்டது.

என் முகம் வெளிறுவதைப் பார்த்துப் பக்கத்துப் பெண்மணி மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். “மோந்து பாருங்க. வாந்தி வந்தா சன்னல் பக்கம் வந்துருங்க, நான் எடம் விடறனுங்க.” அந்த எலுமிச்சை எத்தனை பேர் மூக்கைப் பார்த்ததோ தெரியாது. குப்பனூர் வரைக்கும் நான் அதை விடவில்லை.

குப்பனூரில் டீக்கு நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று தைப்பிங்கிலிருந்து ஒரு டப்பா அன்னாசி பிஸ்கட் கொண்டுவந்திருந்தேன். சன்னலோரம் வைத்துவிட்டு டீயை வாங்கத் திரும்பினேன். ஒரு குரங்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், எதிர்ச் சுவரில் உட்கார்ந்து, மூடியைத் திருகித் திறந்தது. அந்த மூடியைத் திறக்க என் வீட்டுக்காரருக்கே தெரியாது. டீக்கடைக்காரர் என்னைவிட வருத்தப்பட்டு, டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

ஏற்காடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஏரிக்கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே கயல் தன் கவலையைச் சொன்னாள். போனை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு மரத்துக்கும் மூன்றே பொத்தான்கள்: இல்லை, கொஞ்சம், நிறைய. ஏற்காட்டுப் பக்கத்து மற்ற ஊர்களிலெல்லாம் மூன்றும் மாறி மாறி வந்திருந்தன. அங்கெல்லாம் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் கடைக்காரர்களும் ரோட்டோர மரங்களைப் பார்த்துப் பதிகிறார்களாம். கரடியூரில்தான் சொந்த மரத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரடியூரில் மட்டும் பூத்தாலும் கொஞ்சம், காய்த்தாலும் கொஞ்சம், பழுத்தாலும் கொஞ்சம். மூன்று வருஷமாக, எல்லா மரத்துக்கும், எல்லா வாரமும் கொஞ்சம்.

“பெங்களூர் புரொபசர் இதைப் பாத்துட்டு, இவங்க மரத்தையே பாக்கறதில்ல, வீட்டுல உட்கார்ந்து நடுப் பொத்தானை அமுக்கறாங்கன்னு சொல்லிட்டாரு. சனிக்கிழமை பேசும்போது நான் பதில் சொல்லணும். இல்லைன்னா கரடியூரை எடுத்துடுவாங்க சித்தி.”

“எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. வேற ஊரா இல்ல?”

அவள் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டாள். “நானே ஊடு ஊடாப் போயிச் சேத்த ஊரு அது. முதல்ல சரின்னு சொன்னதே அவங்கதான். அவங்க ஏமாத்தறாங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஏமாத்தலைன்னும் காட்ட முடியல.” அதனால்தான் இந்த முறை பொத்தான் வேண்டாம், மரத்துக்கு மரம் நின்று காயை எண்ணியே விடுவது என்று கிளம்பியிருக்கிறாள். அவளுடைய பஜ்ஜியையும் நானே தின்றேன், மனசு கேட்காமல்தான்.

மறுநாள் ஜீப்பில் கரடியூர் போனோம். முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் காப்பிச் செடியெல்லாம் பூத்துக் கிடந்தது. பூக்கடைத் தெருவில் போகிற மாதிரி வாசனை. எங்கள் ஊரில் மழைக்குப் பிறகு சாக்கடை வாசனைதான் வரும், வருஷம் முழுக்க மழை வேறு. மூக்கை வெளியே நீட்டிக்கொண்டே போனேன்.

முதலில் பழனியம்மாள் வீடு. எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார், நல்ல வாய். இவருடைய தாத்தா காலத்தில் கீழிருந்து வேலைக்கு வந்த குடும்பமாம். லைன் வீட்டு வாசலிலேயே அவருடைய பலாமரம். நான் அண்ணாந்து பார்த்தேன். அடிமரத்திலிருந்து உச்சிக் கிளைவரை பிஞ்சும் காயுமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொஞ்சமா இது?

“அடேயப்பா, என்னா காய்” என்று சத்தமாகச் சொல்லி, விரலை நீட்டி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று ஆரம்பித்தேன்.

பழனியம்மாள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். “வெரல நீட்டாதீங்கம்மா. பிஞ்சு அழுகிப் போயிருமுங்க.”

“எண்ணத்தானே வந்திருக்கோம்?”

“மரத்துல இருக்கறத யாராச்சும் எண்ணுவாங்களா? அதுவும் வாய்விட்டு?”

கயல் குறுக்கே வந்தாள். “ஏன்க்கா, இவ்வளவு காய்ச்சிருக்குது. போன ஞாயித்துக்கெழம நீங்க கொஞ்சம்னுதானே அமுக்கியிருக்கீங்க?”

“பின்ன என்ன கண்ணு, ஊரே பாக்கற போனுல நெறையன்னு போடுவாங்களா? கண்ணு பட்டா எந்த சயின்ஸ்காரரு வந்து எடுப்பாரு?”

“சரி, காய் இல்லாத மாசத்துல? அப்பவும் கொஞ்சம்னுதானே போட்டிருக்கீங்க?”

பழனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அரிசி தீந்து போனாவே ஊட்டுல இல்லைனு சொல்ல மாட்டமுங்க. காய்க்கற மரத்தப் பாத்து வாயால இல்லைனு சொல்லலாமா சாமி? அதான் நடுவால ஒண்ணு வெச்சிருக்கீங்களே, நல்லதாப் போச்சுன்னு அதையே அமுக்கறோம்.”

கயல் அங்கே கிடந்த கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷ ஆராய்ச்சி. நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. அவள் முறைத்ததும் இன்னும் அதிகமாயிற்று. தைப்பிங்கில் என் அம்மா அரிசிப் பானை காலியானால் ‘நெறஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வாள். நானே ஓய்வூதியம் எப்படி என்று யாராவது கேட்டால் ‘ஏதோ ஓடுது’ என்பேன். இது ஒரு புதுச் செய்தியாக எங்களுக்கு மலையேறி வந்துதான் தெரிய வேண்டியிருந்தது.

மத்தியானச் சாப்பாடு சின்னப்பொண்ணு வீட்டில். இவருடையது மலையிலேயே பல தலைமுறையாக விவசாயம் செய்கிற குடும்பம். சாமை, கொஞ்சம் காப்பி, மிளகு. ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அவருடைய பலாப்பழம் கரடியூர் முழுக்கப் பெயர் போனது என்றும், பழுத்தால் வீட்டுக்கு ஒரு பழம் அவரே சுமந்துபோய்க் கொடுப்பார் என்றும் ஜீப்பிலேயே கேள்விப்பட்டிருந்தேன். இது பிஞ்சுக் காலம், பலாமூசுக் கறி கிடைக்கும் என்று நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு போனேன். ராகிக் களி போட்டார், கீரை போட்டார், கூடவே அவரைக்காய் வதக்கல். களியும் கீரையும் அருமை. அவரைக்காய்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்.

“உங்க மரத்தையும் பாத்துடலாமாக்கா?” என்றாள் கயல்.

“அது எங்கீங்க போகப் போவுது. கொஞ்சம் இருக்குது. சாப்புடு கண்ணு” என்று இன்னொரு உருண்டைக் களியை வைத்தார். மரம் வீட்டுக்குப் பின்னால் சரிவில், காட்டுக்குள் இருந்தது. அன்று நாங்கள் அங்கே போகவில்லை.

மூன்றாம் நாள் காலை ஜீப் நின்றதும் பழனியம்மாள் எதிரே வந்தார். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். “நல்ல வெரலுங்க உங்க வெரலு. நீங்க போனதும் ஒண்ணு பொத்துனு விழுந்துருச்சு. நீங்க நீட்டுன பிஞ்சேதான்.”

நான் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். கயல், இந்த மாதத்தில் பிஞ்சு உதிர்வது வழக்கம், மரம் தாங்குகிற அளவை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும் என்று விளக்கினாள். நல்ல விளக்கம். ஒருவரும் கேட்கவில்லை. பழனியம்மாள் தூக்கைத் திறந்தார். உள்ளே பலாமூசுக் கறி, தேங்காய் போட்டு.

“உங்களால விழுந்துச்சு, நீங்களே தின்னுருங்க.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு ருசியான தண்டனையை நான் அனுபவித்ததில்லை. எங்கள் ஊரிலும் நங்கா என்று பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் போடுவார்கள். இதன் பக்கத்தில் நிற்காது.

அன்று எல்லாரும் காப்பி காய வைக்கிற களத்தோரக் கொட்டகையில் கூடினோம். மரம் பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். கயல் சுற்றி வளைக்காமல் பெங்களூர்க்காரர் சொன்னதைச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமைக்குள் சரியான கணக்குப் போகாவிட்டால் கரடியூர் இருக்காது என்றும் சொன்னாள்.

அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னப்பொண்ணுதான் கேட்டார். “ஊட்டுல உக்காந்துட்டு அமுக்கறோம்னா சொன்னாங்க?”

“அவரு பாத்ததில்லையேக்கா. எல்லாம் ஒண்ணு போல இருந்தா அப்படித்தானே தோணும்.”

“வாராவாரம் சரிவுல ஏறி, மரத்தச் சுத்தி வந்து, நின்னு பாத்துட்டுத்தான் கண்ணு அமுக்கறேன். மழையில வழுக்கி விழுந்து கூட போயிருக்கறேன். நாங்க பாக்காம சொல்றோம்னு எழுதீட்டாங்களா?” அவர் முகம் சிறுத்துவிட்டது. கயலுக்குக் கண் கலங்கிற்று. எனக்கு அந்தப் புரொபசர்மேல் கோபம் வந்தது. ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை என்று எனக்கே தெரிந்ததால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

“எண்ணிரலாம். ஆனா வாயில நம்பர் வரக் கூடாது” என்றார் பழனியம்மாள். களத்திலிருந்து ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டையை அள்ளினார். “ஒரு காய்க்கு ஒரு கொட்டை. பாத்துப் பாத்துத் துணியில போட்டுக்கறோம். காய நாங்க எண்ணல, கொட்டைய நம்ம கயலு எண்ணிக்கட்டும். கொட்டைய எண்ணுனா எந்தக் கண்ணும் படாது.”

“வெரலும் நீட்டக் கூடாது” என்றார் ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர் குப்புசாமி, என்னைப் பார்த்து.

அவரவர் மரத்தை அவரவர் எண்ண வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம் என்றும், கடைசியில் எல்லா மரத்துக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டுவிட வேண்டும் என்றும் முடிவாயிற்று. கயல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்கு மரம் கொடுக்க யாரும் முன்வரவில்லை, என் விரலின் புகழ் அப்படி. அப்போது சின்னப்பொண்ணு, “எம்மரத்துக்கு இந்த மலேசியாம்மா வரட்டுங்க” என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான்காம் நாள் காலை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு துண்டும் ஒரு பை நிறையக் காப்பிக்கொட்டையுமாகச் சின்னப்பொண்ணுக்குப் பின்னால் சரிவில் ஏறினேன். அவர் ஆட்டுக்குட்டி போலப் போகிறார். நான் வேரைப் பிடித்து, செடியைப் பிடித்து, ஒருமுறை அவருடைய புடவையையே பிடித்து ஏறினேன். நல்ல பெரிய மரம். பையைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை மடக்கிக்கொண்டு, அடிமரத்தைப் பார்த்தேன். பிறகு கிளையைப் பார்த்தேன். மரத்தை ஒரு சுற்று வந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்று வந்தேன்.

ஒன்றுகூட இல்லை.

“பூ வந்துச்சுங்க” என்றார் சின்னப்பொண்ணு, மரத்தைப் பார்த்தபடி. “அந்த நேரம் பாத்து மழை விடாம புடிச்சுக்கிச்சு. எல்லாம் கருத்துக் கொட்டிப் போச்சு. மேல காத்துப் படற எடம் பாருங்க, கீழ இருக்கற மரமெல்லாம் தப்பிச்சுக்கிச்சு. நான் வந்து வந்து பாத்தேன். அடுத்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும்னு கொஞ்சம் கொஞ்சம்னு அமுக்கீட்டு இருந்தேன்.”

“அதான் என்னைக் கூப்பிட்டீங்களா?”

“ஊர்க்காரங்க பாத்தா அய்யோ பாவம்பாங்க. வருசா வருசம் ஊடூட்டுக்கு நான் கொண்டுபோயிக் குடுத்த பழமுங்க. நீங்க பாத்துட்டுப் பிளேனேறிப் போயிருவீங்க.”

பையில் கொட்டை நிறைய இருந்தது. காலமெல்லாம் கணக்கு எழுதினவள் சொல்லக் கூடாதுதான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. “நாலு கொட்டை போட்டுக் கட்டிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன்.

அவர் துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வேண்டாமுங்க. அப்பறம் அந்தப் பெங்களூரு சார் சொன்னது மெய்யாயிப் போகுமுங்களே” என்றார். வெறும் துண்டை நாலாக மடித்து, முடிச்சுப் போட்டு, அவரே கையில் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். நான் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

கொட்டகையில் கூட்டம் களை கட்டியிருந்தது. ஒவ்வொரு முடிச்சாகக் கயல் முன்னால் அவிழ்த்தார்கள். குப்புசாமியின் மரத்துக்கு ஒரு கைப்பிடி. இன்னொருவருக்கு அதைவிடக் குறைச்சல். பழனியம்மாளின் துணியை அவிழ்த்ததும் கொட்டைகள் பாயைத் தாண்டி ஓடின. “யாரு எண்ணுனது இத, மேலயும் கீழயும் போயி ரெண்டு தடவ போட்டீங்களா?” என்று அவர் சத்தம் போட்டார், ஆனால் முகத்தில் பூரிப்பை மறைக்கத் தெரியவில்லை. கயல் எண்ணினாள், வாய் திறக்காமல், உதடு மட்டும் அசைய. எண்ணி முடித்ததும் அவரவரிடம் போனைக் கொடுத்தாள். அவரவரே அமுக்கினார்கள். பழனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நிறைய என்பதை அமுக்கினார்.

கடைசியாகச் சின்னப்பொண்ணு. முடிச்சை அவிழ்த்தார். துண்டை விரித்தார். எல்லாருக்கும் தெரியும்படி ஒருமுறை உதறினார். ஒரு கொட்டையும் விழவில்லை.

கயல் போனை நீட்டினாள். “வேண்டாம்னா விட்டுடலாம்க்கா” என்று மெதுவாகச் சொன்னாள்.

“நான் பாத்ததத்தான சொல்லணும்” என்றார் அவர். விரலை மடக்கி, முட்டியால் இல்லை என்ற பொத்தானைத் தொட்டார். போன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் தொட்டார். அதற்கும் அசையவில்லை. பிறகு விரலை நீட்டி அழுத்தினார்.

பழனியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். “இந்த வருசம் நாங்க ஊடு தேடிக் கொண்டாந்து குடுக்கறோம். நீ காலை நீட்டி உக்காந்துட்டுத் தின்னு. என்ற மரத்துப் பழம் உம்பழம் அளவுக்கு வராது, அதுக்குக் கொற சொல்லாத.”

“சொல்லுவேன்” என்றார் சின்னப்பொண்ணு. கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிறகு சுற்றிப் போட்டார்கள். உப்பு, காய்ந்த மிளகாய், ஒவ்வொரு மரத்தடியிலிருந்தும் எடுத்துவந்த ஒரு சிட்டிகை மண். எல்லாவற்றையும் சேர்த்து, மரங்கள் இருக்கிற திசையெல்லாம் சுற்றி, நெருப்பில் போட்டார் பழனியம்மாள். நெடி வரவில்லையென்றால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். எல்லாரும் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தோம். முதலில் ஒன்றுமே இல்லை. எல்லாரும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் வந்தது பாருங்கள், கண்ணும் மூக்கும் பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் இருமின இருமலைக் கேட்டு அத்தனை பேருக்கும் நிம்மதி.

சனிக்கிழமை ஏற்காட்டில் லாட்ஜ் அறையில் கயல் பெங்களூரோடு பேசினாள். இங்கிலீஷில் நடந்த பேச்சு. நான் கட்டிலில் உட்கார்ந்து தூங்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு கேட்டேன். நடுப் பொத்தானின் கதையை அவள் சொல்லி முடித்தாள். பிறகு அந்த மனுஷர் சிரிப்பது கேட்டது. “மூன்று பொத்தான் வைத்தது நான்தான். தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது. என் அம்மாவும் இல்லை என்று சொல்ல மாட்டார்” என்றார். பழைய மூன்று வருஷத்தில் எவ்வளவு என்பதை நம்ப முடியாது, தள்ளிவிட வேண்டியதுதான். இனிமேல் இப்படி எண்ணுவதைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும் என்றார்.

“கரடியூர் இருக்குமா சார்?” என்றாள் கயல்.

“இல்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறாரே. இனி அங்கேயிருந்து வருகிற ‘நிறைய’ என்பதையும் நான் நம்புவேன். இருக்கட்டும். அந்த மரத்தை மட்டும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.”

கயல் போனை வைத்துவிட்டு என்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். தூங்குகிற பாவனை அதோடு போயிற்று. அன்று மாலையே எப்படி எண்ணினோம் என்று எழுதி அனுப்பினாள்: காப்பிக்கொட்டை, மாற்று ஆள், விரல் நீட்டாமை. கடைசி வரியாக, ‘முடிவில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடப்பட்டது’ என்றும் எழுதியிருந்தாள். அதை எடுத்துவிடு, சிரிப்பார்கள் என்றேன். அது இல்லாமல் ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார்களே, அதை எப்படி எழுதாமல் விடுவது என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

தைப்பிங் வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் பிஸ்கட் டப்பா எங்கே என்று கேட்டார். அந்த வருஷம் பூராவும் கயலிடமிருந்து கரடியூர்ச் சேதி வந்துகொண்டிருந்தது. பழனியம்மாள் வாக்குத் தவறாமல் பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். சின்னப்பொண்ணு வாக்குத் தவறாமல் குறை சொன்னார்.

மறுபடியும் காப்பி பூக்கிற காலம் வந்தது. இந்த வருஷம் கொட்டகையில் கூடி எண்ணுவதற்கு இன்னும் நாளிருக்கிறது, அதுவரை பழையபடி பொத்தான்தான் என்று சொல்லிவிட்டு, சின்னப்பொண்ணுவின் மரத்துக்கு அந்த வாரம் வந்த பதிவைக் கயல் எனக்கு அனுப்பினாள். போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பிஞ்சு: கொஞ்சம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். நலம் விசாரித்தேன். களி, கீரை, பழனியம்மாளின் வாய், எல்லாம் விசாரித்தேன். அப்புறம் கேட்டேன்.

“சின்னப்பொண்ணு, நெசமாவே கொஞ்சமா?”

அந்தப் பக்கம் சரிவில் காற்று அடிப்பது கேட்டது. மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது.

“நீங்க மொளகாயும் உப்பும் எடுத்துட்டுக் கெளம்பி வாங்கம்மா” என்றார் குரலைத் தாழ்த்தி. “கொட்டை மட்டும் பெரிய பையாக் கொண்டாங்க.”